ரைஃபிள் இருக்கட்டும், முதலில் ஷாட்கன்னைப் பார்

பிளேனோ, டெக்சஸ்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. கிரீன் கார்டு வந்த செய்திக்கு ஒரே ஒரு வரி, 3-கன் போட்டிக்கு, அதாவது ரைஃபிள், ஷாட்கன் (பல சிறு குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கி), பிஸ்டல் மூன்றையும் வைத்துச் சுடும் போட்டிக்கு, எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்பதற்கு இரண்டு பக்கம். தங்கச்சி அதைப் படித்தாளா, இல்லை அவளுக்குத் தெரியாமல் அனுப்பினாயா? இங்கே எல்லோரும் நலம். மூத்தவள் ஆஸ்டினுக்குப் படிக்கப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஊரில் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது கம்பு இல்லாமலே கோயிலுக்குப் போய் வருகிறார்கள்.

இத்தனை வருஷம் நீ பொறுத்திருந்ததும் நல்லதுதான். எச்1பி வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது இந்த நாட்டின் மத்தியச் சட்டம். வேட்டை லைசென்ஸ் எடுத்தால் விலக்கு உண்டு என்பதால் நம்மவர்கள் பலர் அந்த வழியில் போகிறார்கள். உனக்கு இனிமேல் அந்தச் சுற்றுவழி தேவையில்லை.

என்சிசியில் பாயின்ட் டூ டூ ரைஃபிளை வைத்து நீ குண்டுகளை நெருக்கமாகச் சுட்ட குரூப்பிங்கை நம் ஹவில்தார் காலேஜ் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தது நினைவிருக்கிறதா? அந்தக் கை உனக்கு இன்னும் இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் 3-கன் வேறு உலகம். குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்து, ஆற அமரச் சுடுகிற வேலை இதில் கொஞ்சம்தான். டைமர் 'பீப்' என்றதும் ஓடவேண்டும். ஒரே ஸ்டேஜில், அதாவது போட்டியின் ஒரு சுற்றில், ரைஃபிள், ஷாட்கன், பிஸ்டல் என்று மூன்றும் வரலாம். பெரும்பாலான போட்டிகளில் பேப்பர் டார்கெட்டுக்கு நடுப் பகுதியில் ஒன்று, அல்லது எங்கே வேண்டுமானாலும் இரண்டு பட்டால் போதும். எடுத்த நேரமும் தவறுக்கான அபராத வினாடிகளும் சேர்ந்ததுதான் ஸ்கோர். அதனால் தவறவிட்ட குண்டைவிட, துப்பாக்கியோடு மல்லுக்கட்டி வீணாக்கிய நேரம்தான் புதியவனை அதிகம் கீழே தள்ளும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு உன் பட்டியலைப் பார்த்தேன். பணத்தில் முக்கால்வாசி ரைஃபிளுக்கு. ஷாட்கன்னுக்கு 'ஏதோ ஒன்று' என்று எழுதியிருக்கிறாய். அப்படியே தலைகீழாகத் திருப்பு. எந்தப் போட்டிக்குப் போனாலும் பார், ரைஃபிள் சுடுவதில் முதல் ஆளுக்கும் இருபதாவது ஆளுக்கும் வித்தியாசம் சில வினாடிகள்தான். ஷாட்கன் நிறைய வருகிற ஸ்டேஜில் அது அரை நிமிஷம்கூட ஆகும். காரணம் குறி இல்லை, லோடிங். பெரும்பாலான டிவிஷன்களில் (எந்தச் சாமான் செல்லும் என்பதை வைத்துப் பிரித்த பிரிவுகள்) ஷாட்கன்னுக்குக் கழற்றி மாட்டும் மேகசின், அதாவது தோட்டாப் பெட்டி, கிடையாது. பேரலுக்குக் (துப்பாக்கிக் குழலுக்குக்) கீழே இருக்கும் டியூபுக்குள் தோட்டாக்களைக் கையால் தள்ளவேண்டும். டியூபில் எட்டு ஒன்பது இருக்கும், ஸ்டேஜில் இருபதுக்கு மேல் டார்கெட் நிற்கும். நடுவில் இரண்டு தடவையாவது ஓடிக்கொண்டே நிரப்பியாகவேண்டும்.

இப்போது எல்லோரும் செய்வது குவாட் லோடு, நான்கு நான்காக நிரப்புவது. இடுப்பு பெல்ட்டிலோ நெஞ்சிலோ ஒரு கேடி (caddy, தோட்டா தாங்கி) மாட்டியிருப்பார்கள், அதில் தோட்டாக்கள் நான்கு நான்காக அடுக்கியிருக்கும். வலது கைக்காரன் துப்பாக்கியைத் தோளில் மல்லாக்கத் திருப்பி, இடது கையால் நான்கையும் ஒரே பிடியில் எடுப்பான். கட்டைவிரலால் முதல் இரண்டையும் ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே தள்ளி, விரலைக் கொஞ்சம் கீழே இறக்கி அடுத்த இரண்டையும் தள்ளுவான். கைதேர்ந்தவர்கள் எட்டுத் தோட்டாவை மூன்று நான்கு வினாடியில் உள்ளே அனுப்பிவிடுவார்கள். இதற்குத் துப்பாக்கியும் ஒத்துழைக்கவேண்டும். லோடிங் வாயை அகலமாக்கி, விளிம்புகளை மழுங்க இழைத்திருக்கவேண்டும். உள்ளே தோட்டாவைத் தூக்கிவிடும் லிஃப்டர் கட்டைவிரலைக் கடிக்காதபடி சரிசெய்திருக்கவேண்டும். பழைய ஆட்களின் இடது கட்டைவிரல் நகத்தைப் பார்த்தாலே லிஃப்டரின் கதை தெரிந்துவிடும்.

எது வாங்கலாம்? களத்தில் அதிகம் பார்ப்பது பெனெல்லி எம்2, 12 கேஜ் (குழலின் விட்ட அளவு), 21 அங்குல பேரல். அந்த விலை வேண்டாமென்றால் ஸ்டோகர் எம்3000. பெனெல்லியின் துணை நிறுவனம்தான், அதே இனர்ஷியா முறை, விலை பாதிக்கும் கீழே. வேலைப்பாடு கொஞ்சம் முரடாக இருக்கும், இழைத்துக்கொள்ளலாம். ஆனால் இனர்ஷியா துப்பாக்கியின் குணம் ஒன்று உண்டு. பின்னால் உதைக்கிற அந்த அசைவில்தான் அது அடுத்த தோட்டாவை ஏற்றும். மேலே கனமான சாமான்களை மாட்டிவிட்டு உதை மிகக் குறைந்த டார்கெட் தோட்டாவைப் போட்டால் பாதியில் நின்றுவிடும். பெரெட்டா 1301 கேஸில், அதாவது சுடும்போது வரும் வாயுவின் அழுத்தத்தில், ஓடுவது, இந்த விஷயத்தில் அவ்வளவு முரண்டு பிடிக்காது, ஆனால் அடிக்கடி சுத்தம் செய்யவேண்டும். எதை வாங்கினாலும் டம்மி தோட்டா (மருந்து இல்லாத, வெடிக்காத தோட்டா) ஒரு பெட்டி சேர்த்து வாங்கு. டிவி பார்க்கும்போது லோடு செய்து பழகு. வாங்குகிற எந்தச் சாமானும் அந்தப் பழக்கத்துக்கு ஈடாகாது.

அப்புறம் டிவிஷன். ஓப்பனில் ஏறக்குறைய எல்லாம் செல்லும், ஷாட்கன்னுக்குப் பெட்டி மேகசின்கூட. பணம் கரைவதும் அங்கேதான். ஹெவி மெட்டலில் .308 ரைஃபிள், .45 பிஸ்டல், ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்து ஏற்றும் பம்ப் ஷாட்கன் என்று இருக்கும், அது தனி வீராப்பு. நீ டாக்டிக்கலில் ஆரம்பி. ரைஃபிளில் ஒரு ஸ்கோப், மற்றவை எளிமையாக. பிஸ்டலில் ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்ப்பான்) அனுமதி உண்டா, டியூபில் எத்தனை தோட்டாவோடு தொடங்கலாம் என்பதெல்லாம் போட்டிக்குப் போட்டி மாறும். விதிகளைப் படித்துவிட்டுப் பர்ஸைத் திற.

ரைஃபிளை இரண்டே வரியில் முடிக்கிறேன். ஏஆர்-15, 18 அங்குல பேரல், உதை மெதுவாக வரும் ரைஃபிள் நீள கேஸ் சிஸ்டம், .223, 5.56 இரண்டு தோட்டாவும் ஏற்கும் .223 வைல்ட் சேம்பர், 1:8 ட்விஸ்ட் (குண்டு எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று சுழலும்), பேரலைத் தொடாத ஃப்ரீ ஃப்ளோட் ஹேண்ட்கார்டு (முன் கைப்பிடி), உதையைக் குறைக்க முனையில் நல்ல பிரேக் ஒன்று. இவை இருந்தால் போதும், பிராண்டு எதுவாக இருந்தாலும் உன் கை அதைவிட மோசமாகத்தான் சுடும்.

மிச்சப்படுத்திய பணத்தை ஸ்கோப்பில் போடு. நீ 1-10, அதாவது ஒரு மடங்கு முதல் பத்து மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டுவது, என்று எழுதியிருக்கிறாய். எனக்கு 1-6 போதும் என்றுதான் படுகிறது. ஸ்டேஜ்களில் பெரும்பகுதி 50 யார்டுக்குள் முடிந்துவிடும், அங்கே வேண்டியது 1-இல் தெளிவான, அகலமான காட்சி. ஸ்கோப்பில் இரண்டு வகை உண்டு. ஃபர்ஸ்ட் ஃபோக்கல் பிளேன் ஸ்கோப்பில் ரெட்டிகிள் (உள்ளே தெரியும் குறிக்கோடுகள்) ஜூமோடு சேர்ந்து வளரும், சுருங்கும். 10-இல் அழகாக இருப்பது 1-இல் எறும்பாகிவிடும். செகண்ட் ஃபோக்கலில் அது எப்போதும் ஒரே அளவு. ஆனால் அதிலுள்ள தூரக் கோடுகள் உச்ச ஜூமில் மட்டும்தான் சரியாக இருக்கும், 4-இல் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டை நம்பினால் குண்டு வேறெங்கோ போகும். தூரத்துக்குச் சுடும்போது லீவரை முழுசாகத் திருப்பிவிடு என்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை. வார்டெக்ஸ் ரேசர் 1-6 இந்தப் போட்டிகளில் இவ்வளவு பரவியதற்கு ஒரு காரணம் அதன் சிவப்புப் புள்ளியின் வெளிச்சம். அரிசோனா மத்தியான வெயிலில் மலிவான ஸ்கோப்பின் வெளிச்சம் இருக்கிற இடமே தெரியாது. கடைக்குள் டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யாதே, வாசலுக்குக் கொண்டுவந்து பார்.

உன் கண்ணுக்கு ஆஸ்டிக்மாட்டிசம் (புள்ளி சிதறித் தெரியும் பார்வைக் குறை) இருப்பதும் இதில் சேரும். ரெட் டாட் உனக்கு வட்டமாகத் தெரியாது, வால் முளைத்த நட்சத்திரம் மாதிரி சிதறும். ஸ்கோப்பின் ரெட்டிகிள் கண்ணாடியில் பொறித்தது, ஐபீஸை (கண் வைக்கும் பக்கத்து வளையத்தை) திருப்பி உன் கண்ணுக்குக் கூர்மையாக்கிக்கொள்ளலாம். வானத்தைப் பார்த்து ஓரிரு வினாடி மட்டும் பார், கண்ணை எடு, திருப்பு, மறுபடி பார். தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானாகச் சமாளித்து உன்னை ஏமாற்றிவிடும்.

ஸ்கோப்பை மாட்டுவதைக் கடையில் விடாதே. இங்கே எங்கள் ஸ்குவாடில் (போட்டியில் சேர்ந்து சுற்றும் குழுவில்) ஒருவர் கடையிலேயே மாட்டி வாங்கிக்கொண்டு வந்தார். போட்டியின் பாதியில் குண்டுகள் எங்கெங்கோ போக ஆரம்பித்தன. கடைசியில் பார்த்தால் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங்கின் திருகு விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. திருகை அளவாக இறுக்கும் ஒரு டார்க் ரென்ச் (torque wrench) வாங்கு. ரிங் திருகுகளுக்குப் பொதுவாக 15 முதல் 18 இன்ச்-பவுண்டு, மவுண்ட் கம்பெனிக்காரன் சொல்வதையே கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள். இறுக்கிய பிறகு திருகிலும் மவுண்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவிட்டால், அசைந்திருந்தால் பார்த்ததும் தெரியும். ஸ்கோப்பை முன்னால் பின்னால் நகர்த்தி இடம் பார்க்கும்போது நின்று மட்டும் பார்க்காதே. உச்ச ஜூமில் குப்புறப் படுத்தும் பார், படுத்தால் தலை முன்னால் போய்விடும்.

ஜீரோவை, அதாவது குறியும் குண்டும் ஒன்றாகச் சேரும் தூரத்தை, 50 யார்டில் வை. 5.56, 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு அங்கே குறியில் பட்டால் 100-இல் ஒன்றரை அங்குலம் போல மேலே போய், 200 பக்கம் திரும்ப இறங்கிவரும். 300-இல் ஏழு அங்குலம் போலக் கீழே. அதாவது 200 வரை நடுவில் வைத்து அடித்துக்கொண்டே போகலாம். இதெல்லாம் கணக்குதான், உன் பேரலில் உன் தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, வருவதை ஸ்டாக்கில் (தோளில் வைக்கும் கட்டையில்) ஒரு டேப் ஒட்டி எழுதி வை. கிட்டத்தில்தான் புதியவர்கள் அடிவாங்குவார்கள். ஏஆரில் ஸ்கோப் பேரலுக்கு இரண்டரை அங்குலத்துக்கு மேல் உயரத்தில் உட்கார்ந்திருக்கும். 7 யார்டில் நெற்றிக்கு வைத்தால் குண்டு இரண்டு அங்குலத்துக்கு மேல் கீழே போய்ப் படும். முன்னால் ஒரு நோ-ஷூட் (சுடக் கூடாத) டார்கெட் பாதி மறைத்துக்கொண்டு நின்றால் அந்த இரண்டு அங்குலமே அபராதம்.

ஷாட்கன்னுக்கும் பேப்பரில் சுட்டுப் பார்க்காமல் போகாதே. ஸ்லக் (ஒற்றைப் பெரிய குண்டு) 50 யார்டில் எங்கே படுகிறது, சின்னச் சின்ன குண்டுமணிகள் கொண்ட பறவைத் தோட்டா எவ்வளவு பரவுகிறது என்று ஒரு மாலை செலவழித்தால் போதும். பிஸ்டலைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். க்ளாக் 34 மாதிரி ஒரு 9 எம்எம், விதி இடம் கொடுத்தால் 140 எம்எம் மேகசின் மூன்று நான்கு, தாராளமாகப் போதும்.

முக்கியமான ஒன்று. சுட்டு முடித்த துப்பாக்கியை ஓடுகிற போக்கில், அதற்காகவே வைத்திருக்கும் டிரம்மில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கவேண்டும். போடும்போது சேஃப்டி போட்டிருக்கவேண்டும், அல்லது முழுக்கக் காலியாக இருக்கவேண்டும். தவறினால் நேரே வீட்டுக்குத்தான், அன்றைய போட்டி முடிந்தது. துப்பாக்கி முனை 180 டிகிரிக் கோட்டைத் தாண்டி உனக்குப் பின்பக்கம் திரும்பினாலும் அதேதான். அதனால் வாங்கும்போதே சேஃப்டி கைக்கு எளிதாக வருகிறதா என்று பார். சின்னவனுக்கு எட்டு வயசுதானே, துப்பாக்கிக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு நல்ல இரும்புப் பெட்டி வந்துவிடவேண்டும். இது தங்கச்சிக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். இன்னொன்று, ஊரில் உன் மச்சானுக்கு ஸ்கோப் கொண்டுபோய்க் கொடுப்பதாக எழுதியிருக்கிறாயே, வேண்டாம். ரைஃபிள் ஸ்கோப் இங்கே ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வரும் பொருள், சூட்கேஸில் போட்டு எடுத்துப்போகிற சாமான் இல்லை.

நீ இருக்கும் சாண்ட்லரிலிருந்து மீசா கிட்டத்தில்தான். அங்கே ரியோ சலாடோ கிளப்பில் மல்டிகன் (3-கன் மாதிரிப் பல துப்பாக்கிப் போட்டி) நடக்கிற நாளாகப் பார்த்து, காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு மட்டும் எடுத்துக்கொண்டு சும்மா போய் நில். டார்கெட்டில் பட்ட ஓட்டைகளை ஒட்டிக்கொடுக்க உதவினால் போதும், கேட்காமலே தங்கள் துப்பாக்கியை எடுத்துக் காட்டிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். யாருடைய ஷாட்கன் நின்றது, ஏன் நின்றது என்று கவனி.

நவம்பரில் ஆபீஸ் வேலையாக பீனிக்ஸ் வருகிறேன், காரில்தான். என் ஸ்டோகரையும் 1-6 மாட்டிய ரைஃபிளையும் கொண்டுவருகிறேன். இரண்டையும் சுட்டுப் பார். அதுவரை கிரெடிட் கார்டை எடுக்காதே. டம்மி தோட்டா மட்டும் வாங்கலாம்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்