குரூப்பில் போட்ட சௌனா கதை

அன்புள்ள கண்ணனுக்கு,

நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பதில் போடாமல் உனக்கு மட்டும் எழுதுகிறேன். நேற்று நீ அதில் போட்ட வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். மியூனிக்கில் ஆபீஸ்காரர்களோடு சௌனா என்கிற வியர்வைக் குளியல் அறைக்குப் போனது, ஆணும் பெண்ணுமாகத் துண்டை விரித்து அம்மணமாக உட்கார்ந்திருந்தது, கடைசியில் உன் பெண் மேனேஜரின் தொப்பை எத்தனை மடிப்பு என்பது வரை. சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தாராம். பெரியம்மா எனக்குப் போன் போட்டு, "பையனை உடனே கூப்பிட்டுக்கோடி" என்றாள்.

நீ போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த ஊரில் இது நேற்று முளைத்த பழக்கமும் இல்லை. 1932-இல் ஜெர்மனி போன பெரியார் அங்கே நிர்வாண சங்கத்தைப் பார்த்துவிட்டு வந்தார். உன் தாத்தா எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இந்தக் கதையைச் சொல்லிப் பந்தியில் பாதிப் பேரை நெளிய வைப்பார். பெர்லின் நீச்சல் குளங்களில் 2023 முதல் பெண்களும் மேலாடை இல்லாமல் நீந்தலாம். நம் மெரினாவில் புடவையோடு அலையில் நிற்கிறோம். அவரவர் வழக்கம், சரி.

எனக்குக் கோபம் அந்த மேனேஜரைப் பற்றி நீ பேசியதில்தான். இங்கே யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள், வெளியே போய்ப் பேசவும் மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தானே உங்கள் நடுவில் அப்படி உட்கார்ந்திருந்தார்? சௌனாவுக்குள் போன் கூடாது என்று வைத்திருப்பது எதற்கு? நீ போனை லாக்கரில் வைத்துவிட்டு, பார்த்ததை மாம்பலம் வரை சொல்லிவிட்டாய்.

நம் நாட்டுச் சட்டத்திலேயே 2013-இல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். இப்போது பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சம்ஹிதாவில் அது 77-ஆவது பிரிவு. தன் அந்தரங்கப் படத்தை எடுக்க ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், பிறருக்குக் காட்டச் சம்மதிக்காதபோது அதைப் பரப்பினால் குற்றம். நீ படம் எடுக்கவில்லை, சட்டம் உன்னைத் தொடாது. ஆனால் ஒன்றுக்குச் சரி என்றவர் எல்லாவற்றுக்கும் சரி என்றதாக ஆகாது, இல்லையா?

நான் வளர்ந்த திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனத்தில் எல்லாக் குடித்தனத்துக்கும் ஒரே கிணற்றடி, தாழ்ப்பாள் இல்லாத ஒரே குளியலறை. பெண்கள் பாவாடையை மாருக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, ஈரம் சொட்ட முற்றத்தைக் கடந்து ஓடுவோம். ஆண்கள் பின்கட்டுக்கு வருமுன் கனைக்க வேண்டும். கனைக்காமல் வந்த ஒருவர்மேல் வீட்டுக்காரப் பாட்டி வாளித் தண்ணீரை அப்படியே வீசினாள். எல்லோரும் உத்தமர்கள் இல்லை, கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தவனும் இருந்தான். ஆனால் யாருக்கு எங்கே தேமல், யார் வயிற்றில் ஆபரேஷன் தழும்பு என்றெல்லாம் அங்கே எங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து யாராவது கேட்டால் ஒருத்திக்கும் தெரியாது. உன் சித்தியைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் பக்கத்துக் குடித்தனத்தில் துருவித் துருவிக் கேட்டும் ஒன்றும் பெயரவில்லை. சித்திக்குத் தோளில் தீக்காயம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டியது அவள், சொன்னதும் அவளேதான்.

அதனால் அந்த மெசேஜை இன்றைக்கே எல்லோருக்கும் அழிகிற மாதிரி அழித்துவிடு. ஏன் அழித்தாய் என்று சித்தப்பா கேட்டால் அம்மா திட்டினாள் என்று சொல், பரவாயில்லை. பெரியம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். உன் கதையை நீ எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

அப்புறம், மறுபடியும் கூப்பிட்டால் போவதும் போகாததும் உன் இஷ்டம். கூச்சமாக இருந்தால் வரவில்லை என்று சொல்லிவிடு, அவர்களுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். உள்ளே 80, 90 டிகிரி சூடாமே? சாப்பிட்ட வயிற்றோடு போகாதே. நிறையத் தண்ணீர் குடி. தலை சுற்றினால் உடனே எழுந்து வெளியே வந்துவிடு.

அன்புடன்,
அம்மா