கடையைக் கொடுக்க வேண்டாம், தம்பி

செல்லூர், மதுரை
திங்கட்கிழமை காலை

அன்புத் தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போன வாரம் நீ போனில் கேட்டதற்கு அந்த நேரத்தில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கடை சும்மாதானே பூட்டிக் கிடக்கு, குடோனுக்குக் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமே" என்றாய். நீ கணக்குப் பார்த்துச் சொன்னதில் தப்பில்லை. அப்பா போனபிறகு நாலு வருடம் அவருடைய பாத்திரக்கடை ஷட்டர் இறங்கியேதான் கிடந்தது. வருமானம் ஒன்றும் இல்லை, வரி மட்டும் கட்டிக்கொண்டிருந்தோம்.

ஆனால் உன்னிடம் சொல்லாமல் நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். பதினொரு வாரமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் கடை திறக்கிறேன். போனில் சொன்னால் "இந்த வயசில் எதுக்கும்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம் தெரு எப்படி இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். தறிக்காரர்கள் வாரக்கூலி வாங்கிய கையோடு இங்கேதான் வருவார்கள். பலசரக்கு, ஜவுளி, வளையல், பாத்திரம், டீக்கடை எல்லாம் வரிசையாக இருக்கும். முப்பத்தோரு கடை. தறிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அப்புறம் குழாய் பதிக்கிறோம் என்று தோண்டிப் போட்ட குழி ஒன்றரை வருடம் மூடாமல் கிடந்தது. அந்த ஒன்றரை வருடத்தில் பழகிய வாடிக்கையெல்லாம் வேறு பக்கம் போய்விட்டது. போனில் தட்டினால் வீட்டுக்கே சாமான் வருகிற காலமும் வந்தது. ஆனால் எனக்குப் பட்டது வேறு. ஒரு கடையைப் பூட்டினால் அதன் வாசல் விளக்கும் சேர்ந்து போகிறது. பத்துக் கடை பூட்டினால் தெரு இருட்டாகிறது. இருட்டான தெருவில் பொம்பளைப் பிள்ளைகள் நடப்பதில்லை, சுற்றிப் போகிறார்கள். அவர்கள் சுற்றிப் போனால் திறந்திருக்கிற கடைக்கும் வியாபாரம் கிடையாது. இந்தச் சித்திரை வரும்போது பதினேழு கடை பூட்டிக் கிடந்தது. நம்முடையதும் அதில் ஒன்று.

கோயில் முக்கில் உட்கார்ந்திருக்கும் பூக்கார அக்காவை நினைவிருக்கிறதா? நீ பள்ளிக்கூடம் போகும்போது உன் கன்னத்தைக் கிள்ளுவாளே, அவள்தான். ஒரு நாள் சாயங்காலம் அவள் நம் திண்ணைக்கு வந்து, "மதினி, நான் கோரிப்பாளையம் பக்கம் போயிடலாம்னு இருக்கேன்" என்றாள். கூடையைக் காட்டினாள். மாட்டுத்தாவணியில் விடியற்காலையில் வாங்கிக் கட்டிய மல்லி, பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கி ஊருக்கே பேர் கொடுத்த பூ. நம் தெருவில் முழம் கேட்க ஆளில்லை. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. முப்பது வருடம் அவளிடம் பூ வாங்கியவர்கள்தானே நாம், நம் கண் முன்னாலேயே அவள் கிளம்புவதா?

மறுநாள் எதிர்வீட்டு மதினி, மாடிவீட்டு டீச்சர், தெருக்கோடித் தமிழ் வாத்தியார், எல்லாரும் நம் திண்ணையில் கூடினோம். வாரத்தில் ஒரு நாளாவது இந்தத் தெருவுக்கு ஆள் வரவேண்டும், அதற்குச் சந்தை போடலாம் என்று டீச்சர்தான் முதலில் சொன்னார். வாத்தியாருக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. சங்க நூலான மதுரைக்காஞ்சியில் பகலில் கூடுகிற நாளங்காடியும் ராத்திரியில் கூடுகிற அல்லங்காடியும் வருகிறது, ராத்திரிச் சந்தை இந்த ஊருக்குப் புதுசா என்று கேட்டார். எனக்கு நினைவுக்கு வந்தது உழவர் சந்தை. 1999 நவம்பர் 14, தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை நம் அண்ணா நகரில்தான் திறந்தார்கள். திறந்த புதிதில் உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன், உனக்கு ஆறு வயது. விலைப்பலகையில் எழுதியிருந்ததை நீ எழுத்துக்கூட்டிப் படித்தாய். மொத்த விலைக்கு மேலே 20 சதவீதம், கடை விலைக்குக் கீழே 15 சதவீதம் என்று கணக்கு வைத்து அந்த விலையைப் போடுவார்கள். விவசாயிக்குத் தராசும் அவர்களே கொடுப்பார்கள். பலகையும் தராசும் இருந்ததால்தான் எனக்கு அங்கே நம்பிக்கையாக வாங்க முடிந்தது. அந்த இரண்டையும் நம் சந்தையில் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன், வைத்தோம். முத்திரை போட்ட பொதுத் தராசு ஒன்று நம் கடை வாசலில் இருக்கிறது. யாருக்குச் சந்தேகம் வந்தாலும் வந்து நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, பேசுவது எளிது. மாநகராட்சிக்கு ஒரு மனு, போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு மனு, வார்டு கவுன்சிலரிடம் ஒரு நடை. சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஒன்பது வரை வண்டி வராமல் தெருவை அடைப்பது, ஆம்புலன்ஸ் வந்தால் போக நடுவில் பத்தடி வழி விடுவது என்று எழுதிக் கொடுத்தோம். வாத்தியார் 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டத்தை வைத்துக்கொண்டு எங்களுக்கு வாசித்துக் காட்டினார். கணக்கெடுப்பு முடித்துச் சான்று கொடுக்கிறவரை ஏற்கெனவே உட்கார்ந்து விற்கிறவர்களை எழுப்பக்கூடாது என்று அதில் இருக்கிறது. தெரு வியாபாரத்துக்காக அமைக்கிற நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேராவது வியாபாரிகளே இருக்க வேண்டுமாம், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அதைக் கேட்டதும் பூக்கார அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை வருடமும் யாராவது விரட்டிவிடுவார்களோ என்ற பயத்திலேயே உட்கார்ந்திருந்தவள் அவள். அதனால் சந்தைக்கு எங்கள் முதல் விதியே இதுதான்: ஏற்கெனவே தெருவில் இருப்பவர்களுக்கு அவரவர் இடம் அப்படியே, அவர்களிடம் காசு கிடையாது. புதிதாக வருகிறவர்கள் கடைக்கு ஐம்பது ரூபாய், அது பெருக்குவதற்கும் விளக்குக்கும்.

எதிர்ப்பு வந்தது கடைக்காரர்களிடமிருந்து. "நாங்க வாடகை கட்டி உட்கார்ந்திருக்கோம், எங்க வாசல்ல கடை போட்டு மறைச்சிட்டா எப்படி?" என்று பலசரக்குக்கடை அண்ணாச்சி சண்டைக்கே வந்துவிட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. திறந்திருக்கும் கடை முன்னால் எதுவும் போடக்கூடாது, பூட்டிக் கிடக்கும் ஷட்டர் முன்னால் மட்டும்தான் என்று மாற்றினோம். யோசித்துப் பார், இடம் அங்கேதானே சும்மா கிடந்தது! அந்த ஷட்டர்களின் சொந்தக்காரர்கள் சிலர் தேடி வந்து வாடகை கேட்டார்கள். டீச்சர் அவர்களை உட்காரவைத்து, "வாசல்ல ஜனம் நின்னா உங்க கடைக்கு நாளைக்கு ஆள் கிடைக்கும், பொறுங்க" என்று பேசி அனுப்பினார்.

முதல் ஞாயிறு ஒன்பது கடை. வந்த கூட்டமும் நம் தெருக்காரர்கள்தான், ஒருவருக்கொருவர் வாங்கிக்கொண்டோம். ஆனாலும் அன்றைக்கு ஒரு வேலை செய்தோம். தெருவில் இருக்கிற எல்லா வீடும் வாசலுக்கு வெளியே ஒரு பல்பு தொங்கவிட்டது. ஏழு மணிக்கு நான் கடைப்படியில் நின்று பார்த்தேன், கோயில் முக்கிலிருந்து தெருக்கோடி வரை வெளிச்சம். அப்பா இருந்திருந்தால் என்று நினைத்து அழுதுவிட்டேன்.

இப்போது நாற்பது கடைக்கு மேல் வருகிறது. சோழவந்தான் வெற்றிலை வருகிறது. விளாச்சேரியிலிருந்து ஒரு குடும்பம் மண் பொம்மை கொண்டுவருகிறது, கொலு நெருங்கும்போது இடம் போதாது. சுயஉதவிக் குழுப் பெண்கள் பணியாரமும் பருத்திப்பாலும் போடுகிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் முறையாகப் பதிவும் செய்துகொண்டார்கள். பருத்திவிதையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சுகிற வாசனை நம் கடைக்குள்ளேயே வரும். நம் வாசலில் ஈயம் பூசுகிற பெரியவர் ஒருவர் உட்காருகிறார். பித்தளைப் பாத்திரத்தைப் புளியும் மணலும் போட்டுத் தேய்த்து, கரி அடுப்பில் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவுவார். வெள்ளையாகப் புகை கிளம்பும். ஈயக் குச்சியை லேசாக ஒற்றி, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால் உள்பக்கம் முழுக்க நிலா மாதிரி வெளுத்துவிடும். பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர்வதே இல்லை. பரணில் கிடந்த அண்டாவையும் குண்டாவையும் எங்கெங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

ஒரு விஷயத்தை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். இரண்டாவது ஞாயிறு வெளியூரிலிருந்து கீரை கொண்டுவந்த பெண் ஒருத்தி தண்ணீரே குடிக்கவில்லை. கொடுத்தாலும் வேண்டாம் என்றாள். எனக்குப் புரிந்தது. மத்தியானம் வீட்டை விட்டுக் கிளம்பியவள் ராத்திரி வீடு போகும்வரை ஒதுங்க இடமில்லை. அன்றைக்கே நம் கடைக்குப் பின்னால் இருக்கிற கழிப்பறையைக் கழுவித் தாழ்ப்பாள் போட்டு, வாளியும் மக்கும் வைத்துத் திறந்துவிட்டேன். சந்தைக்கு வருகிற பெண்கள் எல்லாருக்கும் இப்போது அதுதான். நீ சொன்ன குடோனுக்குக் கடையைக் கொடுத்தால் அதுவும் பூட்டிப் போகும் தம்பி. வேறு எந்தக் காரணம் இல்லாவிட்டாலும் இந்த ஒன்றுக்காகவே நான் கொடுக்க மாட்டேன்.

இனி நான் கடையில் என்ன செய்கிறேன் என்று கேட்பாய். அப்பாவின் பெயர் வெட்டுகிற மெஷின் இருக்கிறதல்லவா, அதை எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டேன். கிர்ர் என்று ஓடியது. இப்போது பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருகிறேன். முதலில் பழைய எவர்சில்வர் தட்டுகளில் பழகினேன். எவர்சில்வர் வழுக்கும், ஊசி ஓடிவிடும். பித்தளை இளகிக் கொடுக்கும். செம்பு மாதிரி வளைந்த பாத்திரமாக இருந்தால் மடியில் சாக்கைப் போட்டு அதில் அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இங்கிலீஷ் எழுத்து நேர்கோடு, எளிது. நம் 'ண'வும் 'ஞ'வும்தான் கையைச் சுழற்றிச் சுழற்றி வாங்கும். அப்பா எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுவார் என்று இப்போதுதான் தெரிகிறது. எழுத்துக்கு மூன்று ரூபாய் வாங்குகிறேன். மெய்யெழுத்தின் புள்ளிக்குக் காசு கிடையாது, அது அப்பாவின் வழக்கம். போன வாரம் ஒரு பாட்டி அவளுடைய கல்யாணச் சீர்ச் செம்பைக் கொண்டுவந்தாள். அதில் ஏற்கெனவே அவள் பெயர் இருந்தது. விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். 'ழ'வின் வால் அப்பா இழுக்கிற மாதிரியே நீளமாக இருந்தது. நம் கடையில் வாங்கியதுதான் என்றாள் பாட்டி. அதற்குக் கீழே அவள் பேத்தி பெயரை நான் வெட்டினேன். கை நடுங்காமல் முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

குறையும் சொல்கிறேன். திங்கள் முதல் சனி வரை தெரு இன்னும் மந்தம்தான். மழை வந்தால் சந்தை கிடையாது. குப்பை ஒன்பது மணிக்கு மேல் மலையாகக் கிடக்கும், நாங்களே கூட்டி ஒதுக்கிவிட்டுத்தான் படுக்கப் போகிறோம். மஞ்சப்பை கொண்டுவாருங்கள் என்று எவ்வளவு சொன்னாலும் பாதிப் பேர் வெறுங்கையோடு வருகிறார்கள், அதனால் டீச்சர் பழைய சேலையில் பை தைத்து வைத்திருக்கிறார். ஆனால் பூட்டிய பதினேழில் மூன்று ஷட்டர் இப்போது வாரநாளிலும் திறக்கிறது. ஒன்று தையல் கடை, ஒன்று சைக்கிள் ரிப்பேர், ஒன்று அண்ணாச்சியின் மகளே போட்ட நாட்டுமருந்துக் கடை. பூக்கார அக்கா கோரிப்பாளையம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குள் கூடையைக் கவிழ்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

கடை உன் பெயரிலும் இருக்கிறது, அதனால் உன் சம்மதம் வேண்டும். குடோன் வாடகை எவ்வளவு வரும் என்று எனக்கும் தெரியும். பாப்பா பிறந்திருக்கிற நேரம், உனக்குச் செலவு இருக்கும், அதையும் யோசித்தேன். என் பென்ஷனில் மாதம் கொஞ்சம் அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. கடையை மட்டும் ஒரு வருடம் எனக்கு விடு. பொங்கலுக்கு வரும்போது ஞாயிற்றுக்கிழமை இருக்கிற மாதிரி டிக்கெட் போடு, வந்து உன் கண்ணால் பார்.

அப்புறம் ஒன்று. பாப்பாவுக்கு ஒரு பித்தளைச் செம்பு எடுத்து ஈயம் பூசி வைத்திருக்கிறேன். போனில் மருமகள் சொன்ன பெயர் என் காதில் சரியாக விழவில்லை. நடுவில் வருவது 'ஷ'வா, 'ச'வா? ஒரு தாளில் பெரிதாக எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பு. வெட்டிவிட்டால் அழிக்க முடியாது.

அன்புடன்,
அம்மா