இரவு பத்தரை மணிக்கு மூடப்படும் நூலகம்: துணைவேந்தருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், கணினி மைய இயக்குநர் அவர்களுக்கும், மகளிர் விடுதிக் காப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் நம் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. மகளிர் விடுதியில் தங்கி நான்காவது ஆண்டாகப் படிக்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. யாரையும் சந்தியில் நிறுத்துவது என் நோக்கம் அல்ல. படிக்கும்போதே உங்களுக்குப் புரிந்துவிடும். வேறு ஊர்களில் விடுதியில் இருப்பவர்கள் படித்தால், தங்கள் விடுதியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைக்கவும் கூடும்.

சென்ற மாதம் ஓர் இரவு, மறுநாள் காலை நெறியாளரிடம் கொடுக்க வேண்டிய அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு செடியின் அறிவியல் பெயர் மாற்றப்பட்டது பற்றி வந்த ஆய்வுக் கட்டுரையை ஒருமுறை சரிபார்த்துவிட்டால் வேலை முடிந்துவிடும். பக்கம் திறந்துகொண்டிருக்கும்போதே மணி பத்தரை ஆனது. விடுதி வைஃபை நின்றது. கைபேசி டேட்டாவில் அதே பக்கத்தைத் திறந்தேன். சுருக்கம் மட்டும் வந்தது, முழுக் கட்டுரைக்குப் பணம் கட்டச் சொன்னது. மாலையில் இதே அறையிலிருந்து அதே இதழின் வேறொரு கட்டுரையைத் தடையின்றிப் படித்திருந்தேன்.

இது ஏன் நடக்கிறது என்பது கணினி மையத்துக்குத் தெரியும், காப்பாளர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்களுக்காக விளக்குகிறேன். அரசே சந்தா கட்டி ஆய்விதழ்களைக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். மாநில அரசுப் பல்கலைக்கழகங்களும் இதில் அடக்கம். 2025 ஜனவரி முதல், நம் நூலகம் வாங்குவதைக் கனவிலும் நினைத்திராத இதழ்கள் நமக்குத் திறந்தன. ஆனால் அவை திறப்பது ஆளைப் பார்த்து அல்ல, கோரிக்கை எந்த வலையமைப்பின் முகவரியிலிருந்து வருகிறது என்பதைப் பார்த்து. வளாக வலையமைப்புக்குள் இருந்தால் நான் பல்கலைக்கழக மாணவி. அதே கட்டிலில் உட்கார்ந்து கைபேசி டேட்டாவுக்கு மாறினால் நான் யாரோ ஒருத்தி.

பத்தரை மணிக்கு வைஃபையை நிறுத்துவதற்குச் சொல்லப்படும் காரணம், பெண்கள் இரவெல்லாம் படம் பார்க்கிறார்கள், தூங்குவதில்லை, பெற்றோர் கேட்கிறார்கள் என்பது. பெற்றோர் கேட்பது உண்மை, என் அம்மாவும் கேட்டிருக்கிறார். ஆனால் என்ன நடக்கிறது என்று தயவுசெய்து பாருங்கள். தினசரி டேட்டா எங்கள் எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது. படம் பத்தரை மணிக்குப் பிறகும் ஓடுகிறது. நின்றுபோவது வளாக முகவரி இல்லாமல் திறக்காத ஆய்விதழ்கள் மட்டும்தான். எதைத் தடுக்க நினைத்தீர்களோ அது தொடர்கிறது, எதற்காக இந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதோ அது நிற்கிறது.

ஆண்கள் விடுதியிலும் இதே நேரத்தில்தான் நிறுத்துகிறோம் என்று பதில் வந்தது. அது உண்மைதான். ஆனால் மைய நூலகத்தின் வாசிப்புக் கூடம் நள்ளிரவு வரை திறந்திருக்கிறது, அவர்கள் மடிக்கணினியோடு அங்கே நடந்து போகிறார்கள். எங்கள் விடுதியின் இரும்புக் கதவு மாலை ஏழு மணிக்குப் பூட்டப்படுகிறது. ஏழு மணிக்குமேல் எங்களுக்கு நூலகம் என்று ஒன்று இருந்தால், அது அந்த வைஃபை மட்டும்தான்.

2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் மகளிர் விடுதியில் மாலையில் சில மணி நேரம் கைபேசி பயன்படுத்தத் தடை இருந்தது. அதை ஏற்க மறுத்த மாணவி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையோடும் தனியுரிமையோடும் சேர்ந்தது, அரசமைப்பின் 21-வது பிரிவுக்குள் வருவது என்று கூறி, அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள நீதிபதி பி.வி.ஆஷா உத்தரவிட்டார். அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்று அறிவேன். வழக்குப் போடும் எண்ணமும் எனக்கு இல்லை. வயது வந்த பெண்களின் படிப்பு நேரத்தை ஒரு சுவிட்ச் தீர்மானிக்கக் கூடாது என்று இன்னொரு மாநிலத்தின் நீதிமன்றம் யோசித்திருக்கிறது, நாமும் ஒருமுறை யோசிக்கலாம் என்பதற்காகவே சொல்கிறேன்.

அடுத்து, வைஃபை இருக்கும் நேரத்தில் நடப்பதைப் பற்றி.

ஒவ்வொரு ஜூலையிலும் என் அறை வாசலில் புதிய மாணவிகள் கைபேசியோடு வந்து நிற்பார்கள். விடுதி வைஃபையில் சேர, கருவியின் மேக் முகவரியை, அதாவது வலையமைப்பில் கருவியை அடையாளம் காட்டும் எண்ணை, ஒரு படிவத்தில் எழுதிக் கணினி மையத்தில் கொடுக்க வேண்டும். கைபேசியில் 'அபௌட் போன்' பகுதிக்குப் போய் அதைப் பார்த்து எழுதச் சொல்கிறது படிவம். சென்ற ஆண்டு தருமபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த முதுகலை மாணவி ஒருத்தி அப்படியே பார்த்து, ஒரு எழுத்தும் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தாள். இணைப்பு வரவில்லை. மீண்டும் எழுதிக் கொடுத்தாள். அப்போதும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து, தனக்கு ஆங்கிலம் சரியாக வராததால்தான் ஏதோ தப்பாகச் செய்கிறோம் என்று என்னிடம் அழுதாள்.

அவள் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதலும், பயனரின் நடமாட்டத்தை யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்காக, கைபேசிகள் தங்கள் உண்மையான மேக் முகவரியை வைஃபைக்குக் காட்டுவதில்லை. ஒவ்வொரு வலையமைப்புக்கும் புதிதாக ஒரு முகவரியை உருவாக்கிக் காட்டுகின்றன. படிவத்தில் அவள் எழுதியது ஒரு முகவரி, கைபேசி வலையமைப்புக்குக் காட்டியது வேறொரு முகவரி. உங்கள் படிவம் அந்த மாற்றத்துக்கு முன் எழுதப்பட்டது. அந்த ஒரு படிவத்தால் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேர் தங்களைத் தாங்களே குறை சொல்லிக்கொள்கிறார்கள் என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். அதனால்தான் இதற்கு இவ்வளவு இடம் கொடுத்து எழுதுகிறேன்.

துறைக் கட்டடங்களில் சென்ற ஆண்டு நிறுவிய புதிய முறை இதைவிட எவ்வளவோ மேல். ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர், தனிக் கடவுச்சொல், மறையாக்கம் செய்த இணைப்பு. அதற்கு நன்றி. ஆனால் அதோடு ஒட்டப்பட்ட ஒரு பக்க அறிவிப்பில் நான்காவது வரி என்னைக் கவலைக்குள்ளாக்குகிறது. 'சி.ஏ. சான்றிதழ்' என்ற இடத்தில் 'சரிபார்க்க வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது அது.

அந்தச் சான்றிதழ், எதிரே இருப்பது உண்மையிலேயே நம் பல்கலைக்கழகத்தின் சர்வர்தானா என்று கைபேசி கேட்கும் கேள்விக்கான பதில். அந்தக் கேள்வியைக் கேட்காதே என்று கைபேசியிடம் சொல்லிவிட்டால், எதிரே யார் இருந்தாலும் அது நம்பிவிடும். நம் வைஃபையின் பெயரையே வைத்து ஒரு சிறு ரவுட்டரை யாரேனும் கேன்டீன் மேசைக்கு அடியில் வைத்தால் போதும். பக்கத்தில் போகும் கைபேசிகள் தாமாகவே அதோடு இணைய முயன்று, கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கத் தேவையானதைக் கொடுத்துவிடும். இம்மாதிரி வலையமைப்புகளில் பரவலாகப் பயன்படும் எம்.எஸ்.சாப் என்ற கடவுச்சொல் சரிபார்ப்பு முறையை எளிதாக உடைக்க முடியும் என்று 2012-லேயே பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்து காட்டிவிட்டார்கள். இங்கே அதே கடவுச்சொல்தான் தேர்வுப் பதிவுக்கும், கட்டணம் செலுத்தும் பக்கத்துக்கும், மதிப்பெண் பார்ப்பதற்கும். பலர் முதலில் கொடுத்த பிறந்த தேதியையே இன்னும் மாற்றவில்லை.

'சரிபார்க்க வேண்டாம்' என்ற தெரிவையே ஆண்ட்ராய்டு 11-இன் 2020 டிசம்பர் புதுப்பிப்பு நீக்கத் தொடங்கியது. அதனால் புதிய கைபேசி வைத்திருப்பவர்களுக்கு அறிவிப்பின் நான்காவது வரி திரையிலேயே இல்லை. 'டொமைன்' (சர்வரின் இணையப் பெயர்) என்று ஒரு கட்டம் இருக்கும், அதை நிரப்பும் வரை 'சேமி' பொத்தான் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். அந்தக் கட்டத்தில் எழுத வேண்டிய சொல் நம் வளாகத்தில் எங்குமே ஒட்டப்படவில்லை. நான் மையத்துக்கு நேரில் போய்க் கேட்டு எழுதி வந்தேன். கேட்ட உடனே அன்போடு சொன்னார்கள். அந்த ஒரு சொல்லை அறிவிப்பில் சேர்ப்பதற்குச் செலவே கிடையாது.

விடுதியின் பழைய உள்நுழைவுப் பக்கத்திலும் இதே சிக்கல். உலாவி எச்சரிக்கை காட்டும், பொருட்படுத்தாமல் மேலே போங்கள் என்கிறது சுவரொட்டி. பதினெட்டு வயதில் முதன்முறையாக வீட்டைவிட்டு வந்து, வங்கிக் கணக்கு முதல் எல்லாவற்றையும் கைபேசியில் வைத்திருக்கும் பெண்ணுக்கு, எச்சரிக்கையைப் புறக்கணிக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பது நாமாக இருக்கலாமா?

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும், இதில் என் தவறும் இருக்கிறது. எங்கள் துறைக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியர் பத்து நாள் வந்திருந்தார். விருந்தினர் வைஃபைக்கு விண்ணப்பித்துப் பதில் வருவதற்குள் அவர் ஊர் திரும்பும் நாள் வந்துவிட்டது. இடையில் அவர் கருத்தரங்கில் பேச வேண்டியிருந்ததால், என் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அவருக்குக் கொடுத்தேன். விதிப்படி அது குற்றம். அந்தப் பத்து நாளும் அவர் பார்த்தது எல்லாம் உங்கள் பதிவேட்டில் என் பெயரில் இருக்கும்.

அவர் வந்த அன்று கைபேசியைப் பார்த்துவிட்டு, "இங்கே எடுரோம் இல்லையா?" என்று கேட்டார். ஐரோப்பாவில் 2003 அளவில் தொடங்கி இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கும் ஏற்பாடு அது. ஒரு பல்கலைக்கழகத்தின் ஆள் இன்னொரு பல்கலைக்கழகத்துக்குப் போனால், தன் சொந்த நிறுவனத்தின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டே அங்குள்ள வைஃபையில் சேரலாம். அவர் யார் என்று உறுதி செய்வது அவருடைய நிறுவனம். முறைப்படி அமைத்துவிட்டால், விருந்தளிக்கும் இடத்துக்குக் கடவுச்சொல் தெரியவே தெரியாது. இந்தியாவில் இதை ஒருங்கிணைப்பது, கல்வி, ஆய்வு நிறுவனங்களை வலையமைப்பில் இணைக்கும் எர்நெட் இந்தியா. துறைக் கட்டடங்களில் நாம் ஏற்கெனவே நிறுவியிருக்கும் முறையின் மேல்தான் இது இயங்குகிறது. நாம் சேர்ந்தால் வெளியிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் நன்மை என்று நினைக்க வேண்டாம். இந்த ஏற்பாடு உள்ள நிறுவனங்களுக்கு ஆய்வுக்காகப் போகும் நம் மாணவர்கள், அங்கே யாரிடமும் கடவுச்சொல் கேட்டு நிற்க வேண்டியிருக்காது.

விடுதியில் சிக்னல் குறைவு என்பது எல்லோருக்கும் தெரிந்த குறை, சுருக்கமாகவே சொல்கிறேன். நடைபாதையின் முனையில் ஒரு வெள்ளை வைஃபைப் பெட்டி தொங்குகிறது. எங்கள் வரிசைக்கும் அதற்கும் இடையில் குளியலறைச் சுவர்கள். இணைப்பு கிடைக்காதவர்கள் கைபேசி ஹாட்ஸ்பாட்டைப் போடுகிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே மூன்று. நூறு ஹாட்ஸ்பாட் ஒரே மாடியில் ஓடினால், இருக்கும் கொஞ்ச சிக்னலும் கெட்டுப்போகிறது. கல்வி, ஆய்வு நிறுவனங்களை இணைக்கும் தேசிய அறிவு வலையமைப்பின் வழியாக 1 ஜிகாபிட் இணைப்பு நம் வளாகத்துக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன, குறை அதில் இல்லை. எங்கள் மாடிக்கு மேலும் இரண்டு பெட்டிகள் வேண்டும், 5 கிகாஹெர்ட்ஸிலும் இயங்குபவையாக.

கம்பியில்லாக் கணினி வலையமைப்பின் தொடக்கமே ஒரு பல்கலைக்கழகத்தில்தான். 1971-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ராம்சன் குழுவினர் 'அலோஹாநெட்' என்ற ஒன்றை இயக்கிக் காட்டினார்கள். கணினி ஒரு தீவில் இருந்தது, மாணவர்களும் ஆய்வாளர்களும் பல தீவுகளில் சிதறி இருந்தார்கள். கடல் தாண்டி வர முடியாதவர்களுக்குக் கணினி எட்ட வேண்டும் என்பதே நோக்கம். ஏழு மணிக்குமேல் எங்கள் விடுதியும் ஒரு தீவுதான். அதனால்தான் அந்த வரலாறு எனக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது.

என் கோரிக்கைகளில் மிக அவசரமானது விடுதி வைஃபை இரவு முழுவதும் இருக்க வேண்டும் என்பது. அதற்குக் குழு கூட்டி முடிவெடுக்க நாளாகும் என்றால், அதுவரை ஆய்விதழ்களையும் நூலகப் பக்கத்தையும் மட்டுமாவது பத்தரைக்குப் பிறகும் திறந்து வையுங்கள். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இன்ஃபெட் என்ற உள்நுழைவு வசதியில் நம் பல்கலைக்கழகம் முறையாகச் சேர்ந்து மாணவர்களின் கணக்குகளை இணைத்தால், வளாகத்துக்கு வெளியிலிருந்தும் இதழ்களைப் படிக்க முடியும். களப்பணிக்காக மாதக்கணக்கில் மலையில் இருக்கும் எங்கள் துறை மாணவர்களுக்கு அது பெரிய உதவி. மேக் முகவரிப் படிவத்தைக் கைவிட்டு, துறைக் கட்டடங்களில் உள்ள முறையை விடுதிக்கும் கொண்டுவாருங்கள். எடுரோம் அதற்குப் பிறகு வந்தால்கூடப் போதும்.

அறிவிப்பைப் பொறுத்தவரை நான் காத்திருக்கவில்லை. சான்றிதழைச் சரிபார்த்து இணைவது எப்படி என்று, ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் தனித்தனியாக, தமிழில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். விடுதியில் எட்டுப் பேரிடம் கொடுத்துப் பார்த்தேன், ஏழு பேர் யார் உதவியும் இல்லாமல் இணைந்துவிட்டார்கள். எட்டாவது பெண் தடுமாறிய இடத்தைத் திருத்திவிட்டேன். வரும் திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அதன் அச்சுப்படியோடு கணினி மையத்துக்கு வருகிறேன். டொமைன் பெயரையும் சான்றிதழின் விவரத்தையும் ஒருமுறை சரிபார்த்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், ஜூலையில் புதியவர்கள் வருவதற்கு முன் ஒவ்வொரு மாடியிலும் நானே ஒட்டிவிடுகிறேன்.

மரியாதையுடன்,
ஆய்வு மாணவி,
தாவரவியல் துறை