வீட்டுப் படங்களை வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

வீட்டு அலங்கார இதழ்களின் ஆசிரியர்களுக்கும், அவற்றுக்குப் படம் எடுத்துத் தரும் ஒளிப்படக் கலைஞர்களுக்கும் வணக்கம்.

12 ஆண்டுகளாக உங்கள் பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்து வைத்திருக்கும் வாசகர் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். நீங்கள் காட்டிய வீடுகளை விரும்பிப் பார்த்தேன். இப்போதும் விரும்பித்தான் பார்க்கிறேன். ஆனால் பார்த்துவிட்டு நிமிரும் ஒவ்வொரு முறையும், எதுவுமே மாறாத என் வீடு சற்று முன்பு இருந்ததைவிடச் சிறுத்தும் மங்கியும் தெரிந்தது. அதில் உங்கள் பங்கு என்ன என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

அகன்ற கோண லென்ஸை அறையின் மூலையில் வைத்தால் பத்தடி அறையும் கூடமாக விரிந்து தெரியும். பகலிலேயே எல்லா விளக்குகளையும் போட்டு வைப்பதும், மின்கம்பி, குப்பைக்கூடை, மருந்துப் பெட்டி, காயப்போட்ட துணி எல்லாவற்றையும் படம் எடுத்து முடியும்வரை வேறோர் அறைக்கு மாற்றிவிடுவதும் உங்கள் தொழிலில் வழக்கம். இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். யாராவது வருகிறார்கள் என்றால் நாமும் வீட்டை ஒழுங்கு செய்யத்தான் செய்கிறோம். ஆயினும், ஒரு மணி நேரம் மட்டுமே அப்படி இருந்த ஒரு வீட்டோடு, 24 மணி நேரமும் புழங்கும் தன் வீட்டை ஒப்பிட்டுப் பார்க்கும் வாசகர், ஒப்பிடத் தொடங்கும்போதே தோற்றுவிடுகிறார்.

பாரிஸுக்கு அருகே கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வடிவமைத்த வில்லா சவோய் என்ற வீடு 1931இல் கட்டி முடிக்கப்பட்டது. மெல்லிய தூண்களின் மேல் வெண்ணிறப் பெட்டியாக மிதப்பது போல் நிற்கும் அந்த வீடு, கட்டடக்கலை படிப்பவர்கள் எல்லோருக்கும் படத்தில் பழக்கமானது. அதில் குடியிருந்த குடும்பத்துக்கோ மழை பெய்தால் கூரை ஒழுகியது. அந்த வீட்டு அம்மையார் அதைக் குறித்து லெ கொர்பூசியேவுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுத நேர்ந்தது. அதே லெ கொர்பூசியே 1952இல் மத்தியதரைக் கடலோரத்தில் தமக்கென்று அமைத்துக்கொண்ட கோடைக்காலக் குடிலோ 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர் அளவுள்ள ஒற்றை அறை. தனிச் சமையலறைகூட அதில் கிடையாது. இவ்விரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் யாராவது எனக்குக் காட்டியிருந்தால், நான் இவ்வளவு காலம் ஏங்கியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன், சேர்த்து வைத்திருந்த பக்கங்களையெல்லாம் தரையில் பரப்பிப் பார்த்தேன். மாளிகை, மரவீடு, மாடிக் குடியிருப்பு என்று வகைவகையாக இருந்தும், பெரும்பாலானவற்றில் ஒரு ஜன்னலும் அதையொட்டி ஒருவர் மட்டும் உட்காரத் தக்க இடமும் இருந்தன. என் வீட்டில் கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று, குடிவந்த நாள் முதல் பீரோவுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. பீரோவை நகர்த்த இரண்டு பேருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. இந்த மடலை அந்த ஜன்னலருகே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

ஆகவே கனவு வீடு வீண் என்று நான் கருதவில்லை. வெளிச்சமோ, அமைதியோ, தாழிட்டுக்கொள்ள ஒரு கதவோ, தனக்கு எது குறைகிறது என்பதை மனம் அதன் வழியாகத்தான் சொல்கிறது. ஒழுகும் கூரையின் கீழ் ஓரறையில் ஆறு பேராக வாழ்கிறவர்களிடம் இருப்பது போதும் என்று சொல்லும் உரிமையும் எவருக்கும் கிடையாது. நான் சொல்வது, நல்ல சுவரும் கூரையும் இருந்தும், 'இங்கேயேவா இருக்கப் போகிறோம்' என்று ஒரு படம் மாட்டக்கூட ஆணி அடிக்காமல் ஆண்டுகளைக் கழித்த என்னைப் போன்றவர்களைப் பற்றி. எவ்வளவு ஓடினாலும் இருந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கும் ட்ரெட்மில்லோடு இந்த மனநிலையை ஒப்பிட்டு, உளவியலாளர்கள் பிரிக்மனும் கேம்ப்பெல்லும் 1971இலேயே எழுதினார்கள். புதிய வசதி பழகிப்போகும். விருப்பம் அடுத்ததற்குத் தாவிவிடும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதன்று. ஒரு வீட்டைப் படமெடுத்து வெளியிட்ட பின், பத்தாண்டுகள் கழித்து அதே வீட்டுக்கு மறுபடியும் போய், எந்த அறை புழக்கத்தில் இருக்கிறது, எது பூட்டிக் கிடக்கிறது, எங்கே ஒழுகுகிறது, பெரிய கண்ணாடிச் சுவரைத் துடைப்பது யார் என்று கேட்டு எழுதுங்கள். படத்தின் கீழே அறையின் உண்மையான நீள அகலத்தையும் அங்கே எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பதையும் அச்சிடுங்கள். சிறிய வீட்டில் நெடுங்காலம் நிறைவாக வாழ்ந்தவர்களுக்கும், இருட்டிலும் சுவிட்சைத் தடவாமல் கண்டுபிடிக்கும் அளவுக்குத் தம் வீட்டோடு பழகியவர்களுக்கும் இதழ்தோறும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

அப்படி ஒரு பக்கத்தைத் தொடங்குவீர்களானால், முதலில் என் வீட்டுக்கே வரலாம். எதையும் எடுத்து மறைக்காமல் கதவைத் திறந்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்