ஜூலை பனிச்சறுக்குப் பயணம்: எல்லோரும் படிக்கவும்

வணக்கம் நண்பர்களே. கோடையில் பனிச்சறுக்கு எப்படி என்று கேட்டவர்களுக்கு: சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் மேலே பனியாறு இருப்பதால் ஆண்டு முழுவதும் சறுக்கலாம். கேபிள் கார் 3,883 மீட்டர் உயரம் வரை போகிறது. நம் பெங்களூரு சுமார் 900 மீட்டர்தான், அதனால் போய் இறங்கிய மறுநாளே உச்சிக்கு ஓட வேண்டாம், 1,600 மீட்டரில் இருக்கும் ஊரிலேயே ஒரு நாள் நடந்து பழகி, நிறையத் தண்ணீர் குடித்து, அப்புறம் ஏறலாம்.

சறுக்கல் காலையில் மட்டும். இரவில் இறுகிய பனி வெயில் ஏற ஏறக் கூழாகிவிடும். மதியத்துக்கு மேல் கோர்னர்கிராட் மலைமுகட்டுக்குப் பல்சக்கர ரயிலில் போய், மேட்டர்ஹார்ன் சிகரத்தைப் பார்த்தபடி ரிஃபெல் ஏரிப் பக்கம் நடந்து இறங்கலாம். எனக்கு இந்த நடைதான் பெரிய ஆசை, சறுக்கத் தெரியாதவர்களும் தயங்காமல் வாங்க.

பிள்ளைகளின் விடுமுறைக்காகச் சிலர் மே மாதம் கேட்கிறார்கள், புரிகிறது, ஆனால் அப்போது மேலே நடக்கும் பாதைகளில் பனி கிடக்கும். ஜூலைதான் சரி.

சுவிட்சர்லாந்து போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் வரை இழுக்காதீர்கள். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பனிச்சறுக்கு விபத்தும் அதில் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள், இதில் தயவுசெய்து பணம் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கால் பலத்துக்கு ஞாயிறு காலை நந்தி மலைப் படி ஏறுவோம். வருகிறவர்கள் வெள்ளிக்குள் இங்கேயே பெயர் போடுங்கள்.