ஸ்பிட்டியின் காஸாவிலிருந்து இறங்க முதலில் ஏற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பர்மாவில் தட்டோன் நகரத்தில் கைலிக் கடை வைத்திருப்பவள். வயது 61. உங்கள் பத்திரிகையைப் பேரன் கொடுத்த போனில்தான் படிக்கிறேன். இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து படித்த தமிழ் என்னுடையது. பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள்.

ஞாயிறு இணைப்பில் இமாச்சலப் பிரதேசத்து ஸ்பிட்டி பள்ளத்தாக்கைப் பற்றி வந்த பயணக் கட்டுரைக்காக இதை எழுதுகிறேன். மணாலியில் விடியற்காலை கிளம்பி இரவுக்குள் அந்தப் பள்ளத்தாக்கின் முக்கிய ஊரான காஸா போய்விடலாம், மறுநாளே கீ மடாலயம், லாங்ஸா, ஹிக்கிம், கோமிக் கிராமங்கள் என்று நான்கையும் முடித்துவிடலாம் என்று அதில் இருந்தது. போன வருஷம் ஆகஸ்டில் கிட்டத்தட்ட அதே கணக்கில் போனவள் நான். கீயின் படிக்கட்டிலேயே என் கணக்கு முடிந்துவிட்டது.

எங்கள் சித்தப்பா குடும்பம் அறுபதுகளில் கப்பலேறி மெட்ராஸ் வந்து வியாசர்பாடியில் தங்கிவிட்டது. அவர் மகன், எனக்குத் தம்பி முறை, வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் போன் செய்தான். "அக்கா, நீ ஒரு பயா விடாமல் கும்பிடுகிறவள். இமயமலையில் ஆயிரம் வருஷத்துப் புத்தர் கோயில் இருக்கிறது, வா." பயா என்றால் எங்கள் ஊரில் பகோடா. சரி, போய்ப் பார்ப்போம் என்று கிளம்பிவிட்டேன்.

அதுவரை நான் ஏறிய பெரிய மலை எங்கள் மோன் மாநிலத்துச் சைட்டியோதான், பொற்பாறை இருக்கும் மலை. சுமார் 1,100 மீட்டர். அதுவும் கின்பூன் அடிவாரத்தில் லாரிப் பலகையில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஏறியது. மணாலியே அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கத்தைத் தாண்டி, கிராம்பூவில் பிரிந்து, சந்திரா ஆற்றோரமாகப் பட்டால் வரை போவதை ரோடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மத்தியானத்துக்கு மேல் பனி உருகி ஓடைகள் ரோட்டின் மேலேயே பெருகிவிடும். அதனால் டிரைவர்கள் இருட்டோடு வண்டியை எடுக்கிறார்கள். குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல். அங்கே தேவி கோயிலை வண்டியோடு ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் மேலே போகிறார்கள். கோயில் கல்லில் காசை அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் நினைத்தது நடக்கும் என்றார்கள். என் காசு கீழே விழுந்தது. தலை கனத்தது, பசி இல்லை. வண்டிக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் செய்த முட்டாள்தனம் முழுக்க என்னுடையது. பர்மாவில் பொன்ஜிகள், அதாவது பிக்குகள், நடுப்பகலுக்குப் பிறகு சாப்பிட மாட்டார்கள். அவர்களுக்குக் கொடுக்கிற சாப்பாட்டைச் சுன் என்போம். கொடுப்பதென்றால் பகல் 12 மணிக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். பிறந்ததிலிருந்து பழகிய வழக்கம். மணாலியிலேயே அரிசி, பருப்பு, தேயிலைத்தூள் எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. தம்பி, "அக்கா, இன்றைக்குப் படு, நாளைக்குப் போகலாம்" என்றான். நான் கேட்கவில்லை. 11 மணிக்குக் கீயின் அடியில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினேன். அந்த மடம் குன்றின் மேல் பெட்டிகளை அடுக்கி வைத்த மாதிரி நிற்கிறது, உயரம் 4,166 மீட்டர். பாதிப் படியில் வாந்தி. எழுந்து நடந்தால் கால் கோணலாகப் போகிறது. அது ஆபத்தான அறிகுறி என்று பிறகு டாக்டர் சொன்னார், மூளையில் நீர் கோத்தால் நடை அப்படித்தான் தள்ளாடுமாம்.

ஒரு வயதான பிக்கு வந்து என்னைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தார். எதற்கு இந்த ஓட்டம் என்று தம்பியிடம் இந்தியில் கேட்டார். தம்பி சுன் கதையைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். அங்கே ராத்திரியும் சாப்பிடுவார்களாம், குளிருக்குத் துக்பா என்கிற நூடுல்ஸ் சூப் இல்லாமல் முடியாதாம்!

காஸா ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். இதற்கு நல்ல மருந்து கீழே இறங்குவதுதான் என்றார் டாக்டர். எங்கே இறங்குவது? மணாலி பக்கம் இறங்க வேண்டுமென்றால் முதலில் மறுபடி குன்சும் ஏற வேண்டும். அந்த நிலைமையில் 4,500 மீட்டருக்குக் கொண்டுபோவது கொலைக்குச் சமம். கடைசியில் ஸ்பிட்டி ஆற்றோடு கீழ்ப்பக்கமாகத் தாபோ என்ற கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். அது 3,280 மீட்டர்தான். அன்று ராத்திரியே தலை தெளிந்தது.

தாபோவில் மூன்று நாள் இருந்தேன். நோய் கொடுத்த வரம் என்றுதான் சொல்ல வேண்டும். 996இல் கட்டிய மடம். வெளியே பார்த்தால் வெறும் மண் சுவர், ஒரு குனிந்த வாசல். எங்கள் தட்டோன் ஷ்வேசயான் பயாவின் தங்கத்தையும் விளக்கு அலங்காரத்தையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, இதற்கா இவ்வளவு தூரம் என்றுதான் முதலில் தோன்றியது. உள்ளே ஒரே இருட்டு. கண் பழகப் பழகச் சுவரிலிருந்து ஒவ்வொரு உருவமாக வெளியே வருகிறது. முப்பதுக்கும் மேற்பட்ட மண் சிற்பங்கள் ஆள் உயரத்துக்கு மேலே, அந்தரத்தில் உட்கார்ந்த மாதிரி. அவற்றுக்கு மேலும் கீழும் ஓவியங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. உங்கள் கட்டுரையில் அதை ஒரு வரி போட்டிருக்கலாம், கையில் ஒரு டார்ச் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருக்கலாம். எங்கள் தட்டோனைப் பகான் மன்னர் அனவ்ரதா 1057இல் பிடித்தார் என்று நாளாகமங்கள் சொல்லும். எங்களுக்கு அதுதான் பழைய காலம். இந்த மண் சுவர் அதற்கும் 61 வருஷம் மூத்தது.

சைட்டியோவில் பெண்கள் பாறையைத் தொட முடியாது. தங்க ரேக்கை ஆண்கள் கையில் கொடுத்துத்தான் ஒட்டச் சொல்வோம். தாபோவில் பிரார்த்தனை நடக்கும்போது நானும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன், எழுந்து போகச் சொல்லவில்லை. எல்லா மடத்திலும் எல்லா அறைக்கும் பெண்களை விடுவதில்லை என்பதும் உண்மை. கேட்டுவிட்டு நுழைவது நல்லது.

இன்னொன்று. பிக்குகள் கறி சாப்பிடுகிறார்களே என்று உங்கள் கட்டுரையாளர் வருத்தப்பட்டிருந்தார். பர்மாவிலும் சாப்பிடுவார்கள், பாத்திரத்தில் விழுந்ததைத்தான் சாப்பிடுவார்கள். ஸ்பிட்டியில் வருஷத்துக்கு ஒரே போகம்தான், பார்லியும் பட்டாணியும். நான் போனபோது பச்சைப் பட்டாணி மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மாதக்கணக்கில் பனி. அந்த ஊரில் கத்தரிக்காய்ப் பொரியல் எதிர்பார்ப்பது நியாயமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தாபோவுக்குக் கீழே ரோடு சும்தோ வழியாகப் பக்கத்து மாவட்டமான கின்னௌருக்கு இறங்கிப் போகிறது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்கள் அந்த எல்லைப் பகுதியைத் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். அதை முன்கூட்டி வாங்கி வைக்காததால் எனக்கு வந்த வழியைத் தவிர வேறு வழி இல்லை. உங்கள் வாசகர்களுக்கு அந்தத் தடையே கிடையாது. இந்தியக் குடிமக்கள் சிம்லாவிலிருந்து ராம்பூர், ரெக்காங் பியோ என்று சீட்டு இல்லாமலே வரலாம். ரெக்காங் பியோவுக்கு மேலே இருக்கும் கல்பாவில் தூங்கினால் உயரம் 2,900 சொச்சம் மீட்டர், தாபோவில் 3,280, காஸாவில் 3,600 சொச்சம். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் விதி. அந்த வழி தானாகவே விதிக்குள் அடங்குகிறது. மணாலியிலிருந்து ஒரே நாளில் காஸா என்றால் 1,600 மீட்டர் துள்ளல். நாள் மிச்சம் என்று நீங்கள் அதைத்தான் பரிந்துரைத்திருக்கிறீர்கள். குன்சும் வழியாகத் திரும்பட்டும், அதற்குள் உடம்பு பழகியிருக்கும். ஏறுவதற்கு அந்த வழியை எழுதாதீர்கள். இனி மலைப் பயணக் கட்டுரை போடும்போது ஓட்டல் பெயருக்குப் பக்கத்தில் அந்த ஊரின் உயரத்தையும் போட்டால் எங்களைப் போன்ற சமவெளிக்காரர்கள் கணக்குப் போட்டுக்கொள்வோம்.

திரும்பும் வழியில் கீக்கு மறுபடி போனேன். இந்தத் தடவை பத்துப் படிக்கு ஒரு தடவை நின்று ஏறினேன். மேலே போய்ச் சேரும்போது மாலை 4 மணி. முன்பு படியில் விட்டுப்போன அரிசிப்பையைச் சமையலறையில் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதை எடுத்து இரண்டு கையாலும் முறைப்படி அந்தப் பெரியவரிடம் கொடுத்தேன். மாலை 4 மணிக்குச் சுன் கொடுத்தேன் என்றால் தட்டோனில் இன்னும் ஒருவரும் நம்பவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தட்டோன், மோன் மாநிலம், பர்மா