ஏழு பந்து பிடித்தவர்

கிரீன்வில், தென் கரோலினா

அன்புள்ள சங்கர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்கு கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. அந்த ஊரில் படிப்பைப் பற்றி யாரிடம் கேட்டாலும் பேச்சு கடைசியில் ஃபுட்பாலில்தான் வந்து நிற்கிறது. நம்மூரில் காலால் உதைத்து ஆடுகிற ஃபுட்பால் அல்ல. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதுவார்களே, அது.

ஒரு சனிக்கிழமை ஆட்டம் பார்க்கப் போனோம். மைதானத்தின் ஒரு பக்கம் புல் சரிவு, அதன் உச்சியில் பீடத்தில் ஒரு கல். கலிஃபோர்னியாவின் டெத் வேலியிலிருந்து யாரோ கொண்டுவந்து அந்தக் காலத்துக் கோச் ஃபிராங்க் ஹவர்டுக்குக் கொடுத்தது. அவர் அதைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்தாராம்! இப்போது ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரும் அதைத் தொட்டுவிட்டுத்தான் சரிவில் ஓடி இறங்குகிறார்கள். 80,000 பேர் போடும் கூச்சலில் காது அடைத்துவிட்டது. அவர்களோடு ஓடி வந்த கோச்தான் டாபோ ஸ்வின்னி. வீட்டுக்கு வந்ததும் அவர் கதையைத் தேடிப் படித்தேன்.

அலபாமாவில் பெல்லம் என்ற ஊர். அப்பாவின் குடியால் குடும்பம் சிதறியது. அலபாமா பல்கலைக்கழக அணியில் இவர் வாக்-ஆன், அதாவது யாரும் கூப்பிடாமல் தானாகப் போய்ச் சேர்ந்தவர். ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆடக் கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது. போக்கிடம் இல்லாத அம்மாவும் இவர் தங்கியிருந்த அறைக்கே வந்துவிட்டார். அப்படியும் நின்று ஸ்காலர்ஷிப் வாங்கினார். 1992-ல் தேசிய சாம்பியனான அணியில் இருந்தார். ஆனால் கல்லூரி ஆட்டம் முழுவதிலும் இவர் பிடித்த பாஸ், அதாவது கூட்டாளி வீசிய பந்து, மொத்தம் 7.

அங்கேயே துணைக் கோச் ஆனார். 2000-ல் அணி படுமோசமாக ஆட, தலைமைக் கோச்சோடு சேர்த்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷம் பர்மிங்ஹாமில் ஷாப்பிங் சென்டர் கட்டுகிற கம்பெனியில் வேலை. 30 வயதுக்கு மேல் அப்படி வெளியே போனவர்களை இந்த உலகம் பொதுவாக மறந்துவிடும். 2003-ல் கிளெம்சனின் தலைமைக் கோச் டாமி பௌடன், ரிசீவர்களுக்கு, அதாவது வீசிய பந்தைப் பிடிப்பவர்களுக்கு, கோச்சாகக் கூப்பிட்டார். 2008 அக்டோபரில் பௌடன் பாதி சீசனில் விலக, இடைக்காலத் தலைமைக் கோச் பதவி இவர் தலையில் விழுந்தது. பிறகு அதுவே நிரந்தரமானது.

உடனே ஜெயித்துவிடவில்லை. 2010-ல் 6 வெற்றி, 7 தோல்வி. 2012 ஜனவரியில் ஆரஞ்ச் பௌல் என்ற சீசன் முடிவுப் பெரிய ஆட்டத்தில் வெஸ்ட் வர்ஜீனியாவிடம் 70-33 என்று அடி வாங்கினார்கள். நிர்வாகம் பொறுத்துக்கொண்டது, அதைத்தான் நான் பெரிய விஷயமாகச் சொல்வேன்.

2017 ஜனவரி, டாம்பாவில் தேசிய இறுதி ஆட்டம். எதிரே அவருடைய பழைய அலபாமாவேதான். இரண்டு நிமிஷம் இருக்கும்போது அலபாமா 31-28 என்று முந்திவிட்டது. கிளெம்சனுக்காகப் பந்து வீசும் டெஷான் வாட்சன் ஒவ்வொரு பாஸாகப் போட்டுப் பந்தை எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ஒரு விநாடி மிச்சமிருக்கையில் ஹன்டர் ரென்ஃப்ரோ கையில் சேர்த்தார். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது, அதுதான் டச்டவுன். 35-31 என்று கிளெம்சன் ஜெயித்தது. இந்த ரென்ஃப்ரோவும் வாக்-ஆனாக வந்து சேர்ந்த ஒல்லிப் பையன்தான். கோச்சுக்கு அப்போது மனசு என்ன பாடு பட்டிருக்கும், சொல்! 2018 சீசனில் 15 ஆட்டம், 15 வெற்றி, இன்னொரு பட்டம்.

ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. கல்லூரி ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்தால் நான் வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன் என்று 2014-ல் சொன்னவர் இவர். 2019-ல் இவரே கையெழுத்திட்ட ஒப்பந்தம் 10 வருஷத்துக்கு 9.3 கோடி டாலர். எலும்பு முறிகிறது பையன்களுக்கு, கோடி இவருக்கு. அம்மாவோடு ஒரே அறையில் கிடந்தவருக்கு இது தெரியாதா? 2021-லிருந்து மாணவர்கள் தங்கள் பெயரைவைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று ஆகிவிட்டது. இவரும் எங்கும் போகவில்லை. என் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நேரம் கிடைத்தால் அந்த 2017 ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிஷத்தை மட்டும் யூடியூபில் பார். விதி ஒன்றும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. டிசம்பரில் ஊருக்கு வருகிறேன், மிச்சத்தை நேரில் பேசலாம். அம்மாவை வெயிலில் அலைய விடாதே.

அன்புடன்,
முரளி